வீட்டு வாணிகமும் விற்பனை வரியும்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் செல்வோர், ஆனைமலை ரோடு நிலையத்தைத் தாண்டியதும் மீனாட்சிபுரம் என்னும் நிலையத்தைக் காண்பர். பெயர் நமக்குப் பழகிய பெயர். அங்குள்ள தென்னையும் நம் பக்கத்துத் தென்னையைப் போன்றதே. ஆயினும் அந்த நிலையம் கேரள மாநிலத்தைச் சேர்ந்தது. இடையில் மதில் இல்லை, வாயிற்கதவும் இல்லை. கண்ணுக்குப் புலப்படாத அந்தக் கோட்டை ரயில் பயணிகள் பொருட்படுத்துவதில்லை. வீட்டிலிருந்தபடி இணையவழியாகப் பொருள் விற்கும் ஒருவர் மட்டும் அதைப் பொருட்படுத்தாமல் இருக்க இயலாது. அது ஏன் என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பொள்ளாச்சியில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். வீட்டுக்குச் சொந்தமாகச் சிறிது தென்னந்தோப்பு இருக்கிறது. தாயார் கொப்பரை வாங்கிச் செக்கில் ஆட்டித் தேங்காய் எண்ணெய் விற்கிறார். கூடவே அச்சு வெல்லமும் விற்கிறார். கல்லூரியில் படிக்கும் மகள் எண்ணெய்ப் புட்டிகளைப் படம் எடுத்து, கைப்பேசி வழியே நாலு பேருக்குத் தெரியப்படுத்துகிறாள். முதலில் அக்கம்பக்கத்தார் கேட்டனர். பிறகு கோவையிலிருந்து கேட்டனர். பிறகு சென்னையிலிருந்தும் கேட்டனர். ஒருநாள் பாலக்காட்டிலிருந்து ஒருவர் இரண்டு புட்டி அனுப்பும்படி எழுதுகிறார். சென்னை 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பாலக்காடோ ஏறக்குறையக் கோவை இருக்கும் தூரந்தான். பஸ்ஸில் கொடுத்தனுப்பினால் மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிடும். அனுப்பலாமா என்று மகள் கேட்கிறாள். சென்னைக்கு அனுப்பியபோது எழாத கேள்வி இது. சட்டத்தின் பார்வையில் இந்த ஆண்டு முழுவதும் அந்த வீட்டின் முன் எழுந்த கேள்விகளுள் இதுவே மிகப் பெரியது.

இதை விளங்கிக்கொள்ள, விற்பனை வரி நம் நாட்டுக்கு வந்த கதையைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும். 1937-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாகப் பொறுப்பேற்ற ராஜாஜி, அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். பின்னர் அது வேறு சில மாவட்டங்களுக்கும் பரவியது. கள், சாராயம் ஆகியவற்றால் அரசுக்கு வந்துகொண்டிருந்த வருவாய் குறைந்தது. அந்தக் குறையை ஈடுசெய்ய அவர் கண்ட வழியே 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவில் எல்லாப் பொருள்களின் விற்பனைமீதும் பொதுவாக வரி விதித்த முதற் சட்டம் அதுவே. அதன் வீதம் மிகச் சிறியது: விற்பனைத் தொகையில் அரை சதவீதம். ஆண்டில் 10,000 ரூபாய்க்குக் குறைவாக விற்பவருக்கு வரியே இல்லை. 20,000 ரூபாய் வரை விற்பவர் மாதம் 5 ரூபாய் கட்டினால் போதும். சிறு வணிகரைக் கணக்குச் சுமையிலிருந்து காக்க வேண்டும் என்னும் கருத்து, இந்த வரி பிறந்த நாளிலேயே அதனுடன் பிறந்ததாகும்.

அக்காலத்தில் பாலக்காடு மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது; மலபாரோ சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. ஆகவே 1939-இல் பொள்ளாச்சி வணிகர் பாலக்காட்டுக்கு எண்ணெய் அனுப்பினால், அது கோவைக்கு அனுப்புவதைப் போன்றதே. ஒரே மாகாணம், ஒரே வரி. அருகிலுள்ள சித்தூர் மட்டும் கொச்சி சமஸ்தானத்துக்கு உட்பட்டிருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது பாலக்காடும் சித்தூரும் ஒருங்கே கேரளத்துக்குச் சென்றன. அதே ஆண்டில் மத்திய விற்பனை வரிச் சட்டமும் நிறைவேறியது. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குச் செல்லும் விற்பனை என்பது அதுமுதல் தனி இனமாயிற்று. 1959-இல் சென்னை மாநிலத்துக்குப் புதிய விற்பனை வரிச் சட்டம் வந்தது. அப்போது நிதியமைச்சராக இருந்தவர், பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம். அந்தச் சட்டம் பல திருத்தங்களுடன் நெடுங்காலம் நிலவியது. 2007 ஜனவரி 1 முதல் மதிப்புக் கூட்டு வரி அதன் இடத்தைப் பிடித்தது. 2017 ஜூலை 1 முதல் நாடு முழுவதற்கும் சரக்கு மற்றும் சேவை வரி, அதாவது ஜி.எஸ்.டி., நடைமுறைக்கு வந்தது. மாநில எல்லைகளில் லாரிகளை வரிசையாக நிறுத்தி வைத்த வணிகவரிச் சோதனைச் சாவடிகளும் அதனுடன் எடுக்கப்பட்டன.

சாவடி போயிற்று, எல்லை போகவில்லை. இதைத்தான் பலர் மறந்துவிடுகின்றனர். ஜி.எஸ்.டி. என்பது நுகரும் இடத்துக்குச் சேர வேண்டிய வரி. பொருள் எங்கே செய்யப்பட்டது என்பது முக்கியமன்று. எங்கே போய்ச் சேருகிறது என்பதே முக்கியம். பொள்ளாச்சி எண்ணெய் கோவையில் விலைபோனால், வரியில் ஒரு பாதி மத்திய அரசுக்கும் மறு பாதி தமிழக அரசுக்கும் செல்லும். அதே எண்ணெய் பாலக்காட்டில் விலைபோனால், மாநிலத்துக்கு உரிய பாதி கேரள அரசைச் சேர வேண்டும். விற்றவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவரானால், அந்தப் பங்கைக் கேரளம் யாரிடம் கேட்கும்? ஆகவேதான் சட்டம் இரு வேறு அளவுகோல்களை வைத்திருக்கிறது.

தமிழகத்துக்குள்ளேயே பொருள் விற்பவருக்கு, ஓர் ஆண்டின் மொத்த விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. 2019 ஏப்ரல் 1-க்கு முன் இந்த எல்லை 20 லட்சமாக இருந்தது. ஆனால் வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு விற்பவருக்கு இந்த 40 லட்சம் என்னும் நிழல் கிடையாது. இரண்டு புட்டி அனுப்பினாலும் முதலில் பதிவு செய்தாக வேண்டும். விலக்குப் பெற்ற சில கைவினைப் பொருள்களுக்கு மட்டும் இதில் சலுகை உண்டு. எண்ணெய் அந்த வரிசையில் இல்லை. சென்னைக்குத் தடையில்லாமல் செல்லும் புட்டி பாலக்காட்டு வாயிலில் நிற்பது இதனால்தான். எல்லையோரத்து ஊர்களில் வாழ்பவருக்கு இது ஓரளவு கடுமையான விதி என்றே எனக்குத் தோன்றுகிறது. திருச்சியில் இருப்பவருக்கு அண்டை ஊரெல்லாம் தமிழ்நாடு. பொள்ளாச்சியில் இருப்பவருக்கு ஒரு பக்கத்து அண்டை ஊர் வேறு மாநிலம்.

இணைய வணிகத் தளங்களின் வழியே விற்போருக்கு முன்னர் நிலைமை இதனினும் கடினமாக இருந்தது. பெரிய தளம் ஒன்றில் கடை விரிக்கும் எவரும், மாநிலத்துக்குள்ளேயே விற்றாலும், ஆண்டில் ஆயிரம் ரூபாய்க்கே விற்றாலும், ஜி.எஸ்.டி. பதிவு பெற்றே தீர வேண்டும் என்பது விதி. தெருமுனைக் கடைக்காரருக்கு இருந்த விலக்கு, அதே பொருளைத் தளத்தில் விற்ற வீட்டுப் பெண்ணுக்கு இல்லை. 2023 அக்டோபர் 1 முதல் இது தளர்த்தப்பட்டது. 40 லட்சத்துக்குள் விற்பவர், தம் மாநிலத்துக்குள் மட்டும் விற்பவராயின், முழுப் பதிவு இல்லாமலே தளத்தில் விற்கலாம். அவர் தம் பான் எண்ணைக் கொடுத்து, ஜி.எஸ்.டி. இணையதளத்தில் ஒரு சேர்க்கை எண் பெற்றுக்கொள்ள வேண்டும்; அவ்வளவே. அவருடைய பொருளை வேறு மாநிலத்துக்கு அனுப்பத் தளம் இடங்கொடுக்கக் கூடாது என்பதும் அந்த ஆணையிலேயே உண்டு. சேர்க்கை எண் உடையவரிடம் தளம் வரிப் பிடித்தம் செய்யவும் கூடாது. முழுப் பதிவு பெற்றவரிடம் மட்டும், தளம் அவருக்குத் தர வேண்டிய தொகையிலிருந்து அரை சதவீதம் பிடித்து, அவர் கணக்கில் அரசிடம் கட்டிவிடும். 2024 ஜூலைக்கு முன் அது ஒரு சதவீதமாக இருந்தது. அந்தத் தொகை வீணாவதில்லை. பின்னர் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம்.

தளம் எதுவும் இல்லாமல், கைப்பேசிச் செய்தி வழியாகவே ஆணை பெற்றுத் தாமே நேராக அனுப்புவோர் பலர். அவர்களுக்குச் சேர்க்கை எண் தேவையில்லை. மாநிலத்துக்குள் 40 லட்சம் என்ற எல்லை அவர்களுக்கும் உண்டு. மாநில எல்லையைத் தாண்டினால் பதிவு வேண்டும் என்னும் விதியும் அவர்களுக்கு உண்டு.

இனி, அந்த வீட்டில் விற்கும் மூன்று பொருள்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒரே வீட்டில் மூன்று பொருளுக்கும் மூன்று நியாயம் என்பதைக் காணலாம். சொந்தத் தோப்பில் விளைந்த தேங்காயை விற்பவர் சட்டத்தின் கண்ணில் வேளாளர். அந்த விற்பனைக்காக அவர் பதிவு செய்ய வேண்டுவதில்லை. தேங்காயைப் பாலக்காட்டுக்குத் தாராளமாக அனுப்பலாம். வெல்லத்தின் கதை வேறு. உதிரியாக, அச்சாக நிறுத்து விற்கும் வெல்லத்துக்கு வரி இல்லை. அதையே பையில் அடைத்து, எடையும் பெயரும் அச்சிட்டு விற்றால், 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத வரி. இணையவழியில் விற்பவர் பொருளை அடைக்காமல் அனுப்புவது எப்படி? ஆகவே சந்தையில் வரியின்றி விலைபோகும் பொருள், தபாலில் போகும்போது பெரும்பாலும் வரிக்குரியதாகிவிடுகிறது. எண்ணெய்க்கு எப்படி விற்றாலும் 5 சதவீதம்.

தேங்காய் எண்ணெயைப் பற்றிச் சொல்லும்போது, நம் பக்கத்திலிருந்தே உச்ச நீதிமன்றம் வரை சென்ற ஒரு வழக்கை விட்டுவிட மனம் வரவில்லை. சிறு புட்டிகளிலும் பொட்டலங்களிலும் அடைத்த தேங்காய் எண்ணெய் உண்ணும் எண்ணெயா, தலைக்குத் தேய்க்கும் எண்ணெயா என்பதே வழக்கு. ஒரு பக்கம் சேலம் மத்திய ஆயத்தீர்வை ஆணையர். மறு பக்கம் எண்ணெய் உற்பத்தியாளர். சிறு புட்டி என்றால் கூந்தலுக்குத்தான் என்றது துறை. 2018-இல் இரண்டு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு அளித்தனர். 2024 டிசம்பர் 18-இல் மூன்று நீதிபதிகள் அடங்கிய அமர்வு, கூந்தல் எண்ணெய் என்று குறிக்காத வரையில் சிறு புட்டியில் இருந்தாலும் அது உண்ணும் எண்ணெயே என்று முடிவு கூறிற்று. நம் வீடுகளில் ஒரே புட்டி சமையலறைக்கும் கண்ணாடி மேசைக்கும் மாறி மாறிச் செல்வதை அறிந்தவர்களுக்கு இந்த வழக்குச் சற்று நகைப்பைத் தரலாம். ஆனால் அதன் பின்னே பெருந்தொகை இருந்தது. ஜி.எஸ்.டி. வந்த பிறகும், உண்ணும் தேங்காய் எண்ணெய்க்கு 5 சதவீதமும் கூந்தல் எண்ணெய்க்கு 18 சதவீதமுமாக வேற்றுமை நீடித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் கூந்தல் எண்ணெய்க்கும் 5 சதவீதமே ஆனதால், வரியைப் பொறுத்தவரை அந்தப் பூசல் தணிந்தது. உரிமத்தைப் பொறுத்தவரை தணியவில்லை. உண்ணும் எண்ணெய் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும்; கூந்தல் எண்ணெய் என்று எழுதி விற்றால் அழகுப் பொருள்களுக்கான உரிமம் வேண்டும். புட்டியின்மேல் ஒட்டும் சிறு காகிதத்தில் என்ன எழுதுகிறோம் என்பது அவ்வளவு பெரிய காரியம்.

உரிமங்களைப் பற்றி அதிகம் நீட்டவேண்டியதில்லை. உணவுப் பொருள் விற்கும் எவரும், வீட்டில் செய்து விற்றாலும், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்படி பதிவு எண் பெற வேண்டும். அது 14 இலக்கம் கொண்டது; பொட்டலத்தில் அச்சிட வேண்டும். 2011-இல் வகுத்த விதிகளில், ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் விற்பவர் சிறு வணிகராகக் கொள்ளப்பட்டு, ஆண்டுக்கு 100 ரூபாய்க் கட்டணத்தில் பதிவு பெற வழி செய்யப்பட்டது. பொட்டலத்தில் செய்பவர் பெயரும் முகவரியும், நிகர அளவும், தயாரித்த மாதமும், எல்லா வரியும் உட்பட்ட அதிகபட்ச விலையும், குறை சொல்ல ஒரு தொலைபேசி எண்ணும் இருத்தல் வேண்டும். வீட்டில் இயந்திரச் செக்கு வைப்பதானால் நகராட்சி அலுவலகத்தில் தொழில் உரிமம் பற்றி முன்னதாகக் கேட்டறிவது நலம். உத்யம் என்னும் குறுந்தொழில் பதிவு இலவசமானது. வங்கிக் கடனுக்கு உதவும். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. கடமை தீர்ந்தது என்று எண்ணுவோரை நான் பல முறை கண்டிருக்கிறேன். ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது.

இப்போது பாலக்காட்டு ஆணைக்குத் திரும்புவோம். பதிவு பெற்றால் நட்டமா, இலாபமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் கற்பனையே, கணக்கு முறை உண்மையானது. அந்தத் தாயார் ஆண்டில் 6 லட்சம் ரூபாய்க்கு எண்ணெய் விற்கிறார் என்போம். பதிவு பெற்றுவிட்டால், பாலக்காட்டுப் புட்டிக்கு மட்டுமன்று, அக்கம்பக்கத்தில் விற்கும் புட்டிக்கும் வரி உண்டு. ஆகவே 5 சதவீத வீதம் வரி 30,000 ரூபாய். ஆனால் அவர் வாங்கிய கொப்பரைக்கும் புட்டிக்கும் கட்டிய வரியை இதில் கழித்துக்கொள்ளலாம். பதிவு பெற்ற வணிகரிடம் 4 லட்சம் ரூபாய்க்குக் கொப்பரை வாங்கியிருந்தால், அதற்கு 5 சதவீதம் 20,000 ரூபாய். புட்டிகள் 20,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தால், 18 சதவீதம் 3,600 ரூபாய். கழித்தபின் அரசுக்குக் கட்ட வேண்டியது 6,400 ரூபாய்தான்.

பதிவு இல்லாதவர் வரியே கட்டுவதில்லை என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த 23,600 ரூபாயை அவர் கொப்பரையின் விலையோடும் புட்டியின் விலையோடும் ஏற்கெனவே கொடுத்துவிட்டார். அதைத் திரும்பப் பெற வழியில்லாமல் இருக்கிறார். ஆகவே இரு நிலைக்கும் இடையிலுள்ள வேற்றுமை, வெளியில் பேசப்படும் அளவு பெரியதன்று. ஆனால் கொப்பரையை விவசாயியிடமே நேராக வாங்கினால் கணக்கு மாறும். விவசாயி வரி வாங்குவதில்லை. ஆகவே கழித்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை. அப்போது 26,400 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். தோப்புக்காரரிடம் நேரே வாங்குவதே வழக்கமாக உள்ள நம் பகுதியில் இந்த இரண்டாவது கணக்கே பலருக்குப் பொருந்தும்.

விற்பனையில் ஒரு சதவீதம் மட்டும் கட்டிவிட்டு ஒதுங்கும் தொகுப்பு வரித் திட்டம் ஒன்றும் உண்டு. 1939-இன் மாதம் 5 ரூபாய் முறையை அது நினைவூட்டுகிறது. அதில் சேர்ந்தவர் வெளிமாநிலத்துக்கு விற்கக் கூடாது. ஆகவே பாலக்காட்டுக்கு அது உதவாது.

என் அபிப்பிராயத்தில், சிறு விற்பனையாளரை வருத்துவது வரியன்று, தவணை. பதிவு பெற்றவர் விற்பனை இல்லாத காலத்திலும் அறிக்கை கொடுக்க வேண்டும். ஆண்டு விற்பனை 5 கோடிக்குள் இருப்பவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை தரலாம். வரியை மட்டும் மாதந்தோறும் கட்ட வேண்டும். ஒன்றும் விற்காத காலத்துக்குரிய அறிக்கை தாமதமானாலும் நாள் ஒன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். விற்பனை இருந்தால் 50 ரூபாய். தேர்வுக் காலத்தில் மகள் மறந்துவிட்டாள் என்பதைக் கணினி ஏற்பதில்லை. பதிவு பெறாமலே வெளிமாநிலத்துக்கு அனுப்பி அகப்பட்டுக்கொண்டாலோ, தண்டம் 10,000 ரூபாய் அல்லது கட்டாமல் விட்ட வரி, இவற்றுள் எது மிகுதியோ அதுவாகும்.

அகப்படுவது எப்படி என்று கேட்கலாம். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்ததைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். யு.பி.ஐ. வழியாகக் கைப்பேசியில் வந்த பணத்தின் கணக்கை வைத்து, அம்மாநில வணிகவரித் துறை ஆயிரக்கணக்கான சிறு வணிகருக்கு அறிவிப்பு அனுப்பியது. அவர்களுள் பால், காய்கறி முதலிய வரியில்லாப் பொருள் விற்றவரும் இருந்தனர். பெங்களூரில் சில கடைக்காரர்கள் கைப்பேசிப் பணமே வேண்டாம் என்று பலகை எழுதி வைத்தனர். பின்னர் முதலமைச்சர் தலையிட்டுப் பழைய பாக்கியை வற்புறுத்துவதில்லை என்று உறுதி கூறினார். அந்த நிகழ்ச்சியில் பலர் அறியாதிருந்தது ஒன்று: 40 லட்சம் என்னும் எல்லையைக் கணக்கிடும்போது வரியில்லாப் பொருளின் விற்பனையும் சேரும். வரியில்லாப் பொருளை மட்டுமே விற்பவர் எவ்வளவு விற்றாலும் பதிவு வேண்டாம்; அதனுடன் வரிக்குரிய பொருள் ஒன்றையும் சேர்த்து விற்பவருக்கு இரண்டையும் கூட்டியே பார்ப்பார்கள். மற்றொன்று: மாமன் அனுப்பிய கல்யாண மொய்யும் எண்ணெய் விற்ற பணமும் ஒரே கணக்கில் விழுந்தால், எது எது என்று மெய்ப்பிக்கும் சுமை நம்முடையதாகிறது. வாணிகத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்வது சட்டம் கேட்காத காரியம், ஆயினும் செய்யத்தக்கது.

அந்த வீட்டார் இறுதியில் பதிவு பெறவே முடிவு செய்தனர் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் இல்லை, முகவர் எவரேனும் பணம் கேட்டால் அது அவர் கூலி. தாயாரின் பான் எண், ஆதார், புகைப்படம், வங்கிக் கணக்கு விவரம், வீட்டின் மின்கட்டண ரசீது அல்லது வீட்டுவரி ரசீது ஆகியன வேண்டும். வீடு தாத்தாவின் பெயரில் இருந்தால், இங்கே வாணிகம் செய்யச் சம்மதம் என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். கிடைக்கும் எண் 15 குறிகள் கொண்டது. முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும்: தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. அடுத்த 10 குறிகள் தாயாரின் பான் எண்ணே. அந்த எண் கிடைக்கும் வரை, வரி என்று சொல்லி யாரிடமும் ஒரு காசும் வாங்கக் கூடாது. கிடைத்த பிறகு, கோவைக்குப் போகும் பில்லில் மத்திய வரி 2.5 சதவீதம், மாநில வரி 2.5 சதவீதம் என இரண்டு வரிகளில் எழுத வேண்டும். பாலக்காட்டுக்குப் போகும் பில்லில் ஒருங்கிணைந்த வரி 5 சதவீதம் என ஒரே வரியில் எழுதி, புட்டிகளுடன் பஸ்ஸில் கொடுத்தனுப்பலாம்.